ஊசிக்கு முன் ஒரு கேள்வி



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று என்னைப் பல நாட்களாக விடவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். வயது முப்பத்தாறு. இரண்டு பிள்ளைகளின் தாய். அவருடைய அனுமதியுடன், பெயர் இல்லாமல், கடிதத்தின் ஒரு பகுதியை இங்கே தருகின்றேன்.

"அன்பின் அக்கா, எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சொரியாசிஸ் இருக்கிறது. ஷெல் பட்ட காயத் தழும்பிலும் முழங்கையிலும் தொடங்கியது. இப்போது முதுகு, தலை எல்லாம் பரவி விரல் மூட்டுகளும் வீங்குகின்றன. களிம்பு பூசினேன். கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் குளிசையும் எடுத்தேன். ஈரல் பரிசோதனை சரியில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது புது ஊசி ஒன்று போடலாம் என்று தோல் வைத்தியர் சொல்கிறார். அதற்கு முதல் கையில் ஒரு சின்ன ஊசி போட்டுப் பார்த்தார்கள். அது தடித்துவிட்டது. எக்ஸ்றே நன்றாக இருக்கிறது. ஆனாலும் காசநோய்க் குளிசையை மாதக்கணக்கில் எடுத்தால்தான் அந்த ஊசி போடலாமாம். எனக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. கசக் குளிசை எடுக்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்தால் பிள்ளைகளோடு ஒருத்தரும் பழகமாட்டார்கள் என்று மாமி சொல்கிறா. குளிசையை எடுக்காமல், எடுத்தேன் என்று சொல்லி ஊசியைப் போட்டுக்கொண்டால் என்ன அக்கா?"

தங்கையே, உங்களுடைய கேள்விக்கு முதலில் ஒரு சொல்லில் பதில் தருகின்றேன்: வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்கு இந்தப் பக்கம் முழுவதும் தேவைப்படுகின்றது. உங்களைப்போல் கடிதம் எழுதாமல் மனதுக்குள் இதே யோசனையோடு இருக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் சேர்த்தே எழுதுகின்றேன்.

தோலில் தெரியும் நோய்

சொரியாசிஸ் ஒட்டும் நோய் அல்ல. தொட்டாலோ, ஒரே கிணற்றில் குளித்தாலோ, ஒரே பாயில் படுத்தாலோ வராது. இது குட்டநோயும் அல்ல. எமது உடலைக் காக்கும் எதிர்ப்புச் சக்தி ஏதோ காரணத்தால் சொந்தத் தோலையே எதிரியாக எண்ணித் தாக்குவதால் வருகின்றது. அதனால் தோல் தேவைக்கு மிஞ்சிய வேகத்தில் வளர்ந்து, வெள்ளைச் செதிலாக உதிர்கின்றது. சிலருக்கு மூட்டுகளையும் பிடிக்கின்றது.

தோலில் காயம் பட்ட இடத்திலே இந்த நோய் புதிதாகத் தோன்றலாம். மனவேதனை, நித்திரையின்மை, தொண்டை அழற்சி என்பன இதைக் கூட்டும். எனவே ஷெல் தழும்பில் தொடங்கியது என்று அந்தச் சகோதரி எழுதியது கற்பனை அல்ல. யுத்தத்தினூடாக வந்த எம்மில் பலருக்கு இந்த நோய் எங்கே, எப்போது தொடங்கியது என்று கேட்டால், அவர்கள் சொல்லும் பதிலில் ஒரு காயமோ ஒரு இழப்போ இருப்பதை நான் பலமுறை கேட்டிருக்கின்றேன்.

உறங்கும் கிருமி

காசநோயை எங்கள் ஊரில் கசம் என்றும் ரி.பி. என்றும் சொல்வோம். சுவாசப்பையில் காசநோய் உள்ள ஒருவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கின்றது. அதை மற்றவர்கள் சுவாசிக்கின்றார்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில், நெருக்கமாக, நீண்ட நாட்கள் ஒன்றாக இருப்பவர்களுக்கே ஆபத்து அதிகம்.

இந்த வசனத்தை எழுதும்போது எம்மில் யாருக்குத்தான் முகாம் ஞாபகம் வராது? 2009 ஆம் ஆண்டில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருந்தார்கள். 2012 செப்ரெம்பரில்தான் அது மூடப்பட்டது. அதற்கு முன்பும் பங்கருக்குள்ளும், பாடசாலை மண்டபங்களிலும், உறவினர் வீட்டு ஒற்றை அறையிலும் எத்தனை குடும்பங்கள் ஒன்றாகப் படுத்திருந்தோம். யார் இருமினார், ஏன் இருமினார் என்று பார்க்க அன்று யாருக்கு நேரம் இருந்தது?

கிருமியைச் சுவாசித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானோரின் உடல் அந்தக் கிருமியைச் சுற்றி வேலி அடைத்துவிடுகின்றது. வெள்ளை அணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்று கிருமியை நடுவில் அடைத்து வைக்கும். கிருமி சாகாது. ஆனால் வெளியே வரவும் முடியாது. இதையே உறங்குநிலைக் காசநோய்த் தொற்று என்கின்றோம். உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்படித் தொற்று ஏற்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. இவர்களில் 5 தொடக்கம் 10 வீதமானோருக்கு மட்டுமே வாழ்நாளில் என்றாவது நோய் வெளிப்படும். மற்றவர்கள் அது உள்ளே இருப்பதே தெரியாமல் பேரப்பிள்ளைகளைக் கண்டு போய்விடுவார்கள்.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். உறங்குநிலையில் கிருமி உள்ளவர் நோயாளி அல்ல. அவருக்கு இருமல் இல்லை. எக்ஸ்றேயிலும் நோய் இராது. அவரால் ஒருவருக்கும் தொற்றாது, தான் பெற்ற பிள்ளைக்குக் கூட.

புது ஊசி என்ன செய்கின்றது?

அந்தத் தோல் வைத்தியர் சொன்ன ஊசி உயிரியல் மருந்து எனப்படும் வகையைச் சேர்ந்தது. உயிருள்ள கலங்களைக் கொண்டு தயாரிக்கப்படுவதால் இந்தப் பெயர். களிம்பு, ஒளிச் சிகிச்சை, மெதொட்ரெக்சேற் போன்ற குளிசைகள் ஆகியவற்றுக்கு அடங்காத சொரியாசிஸ் இருப்பவர்களுக்கு இது பெரும் ஆறுதல். வருடக்கணக்காக நீளக்கைச் சட்டை போட்டு மறைத்தவர்கள் சில மாதங்களில் தெளிந்த தோலோடு வெளியே வந்ததை நானே கண்டிருக்கின்றேன். ஆகவே இந்த மருந்துக்குப் பயப்படுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

இந்த வகையில் ஒரு பிரிவு ரி.என்.எப். எனும் இரசாயனத்தைத் தடுக்கும் மருந்துகள். இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப், எற்றனேர்செப்ற் என்பன அவை. ரி.என்.எப். என்பது எதிர்ப்பு அணுக்களுக்கு "இங்கே வாருங்கள், தாக்குங்கள்" என்று செய்தி கொண்டுபோகும் இரசாயனம். சொரியாசிஸ் நோயாளியின் தோலில் இது அளவுக்கு மிஞ்சி இருக்கின்றது. அதைத் தடுத்தால் தோல் ஆறுகின்றது.

ஆனால் காசநோய்க் கிருமியைச் சுற்றி நிற்கும் அணுக்களை அங்கேயே நிற்கச் சொல்வதும் அதே ரி.என்.எப். தான். அதைத் தடுத்தவுடன் அந்த அணுக்கள் கலைந்துபோகலாம். வேலி சரிந்தால் உள்ளே பல வருடம் அடைபட்டுக் கிடந்த கிருமி வெளியே வந்து பெருகத் தொடங்கும். தோலுக்குச் செய்த நன்மை சுவாசப்பைக்குக் கேடாக முடியலாம்.

2001 இல் தெரிந்த உண்மை

இன்ஃப்ளிக்சிமாப் 1998 இல் அமெரிக்காவில் குடல் அழற்சி நோய்க்கும், அடுத்த வருடம் மூட்டுவாதத்துக்கும் அனுமதிக்கப்பட்டது. 2001 ஒக்ரோபரில் அமெரிக்க வைத்திய சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. ஏறக்குறைய 147,000 பேருக்கு அந்த மருந்து கொடுக்கப்பட்டிருந்த காலத்தில், அதன்பின் காசநோய் வந்த 70 பேரின் விபரம் அதில் இருந்தது.

அந்த 70 பேரில் 48 பேருக்கு மூன்று தடவை அல்லது அதற்கும் குறைவாக மருந்து ஏற்றிய நிலையிலேயே நோய் வெளிப்பட்டது. பாதிப் பேருக்கு 12 வாரங்களுக்குள் வந்துவிட்டது. இவ்வளவு விரைவாக வந்ததால், இது புதிதாகத் தொற்றியது அல்ல, ஏற்கெனவே உள்ளே உறங்கியது எழும்பியது என்று வைத்தியர்கள் விளங்கிக்கொண்டார்கள். இன்னொரு விடயமும் அதில் இருந்தது. 40 பேருக்கு நோய் சுவாசப்பைக்கு வெளியே, அதாவது நெறி, வயிறு, எலும்பு போன்ற இடங்களில் இருந்தது. 17 பேருக்கு உடல் முழுவதும் பரவியிருந்தது. இருமல் வந்தால்தான் காசநோய் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவோம் என்பதை இது காட்டியது.

இந்த வகை மருந்துகள் சொரியாசிசுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது அதன் பிறகுதான்: எற்றனேர்செப்ற் 2004 இல், இன்ஃப்ளிக்சிமாப் 2006 இல், அடலிமுமாப் 2008 இல். அதனால் சொரியாசிஸ் நோயாளருக்கு இந்தப் பாடம் முன்கூட்டியே கிடைத்தது. ஊசிக்கு முன் எல்லோரையும் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஸ்பெயின் நாட்டில் 2002 இல் இந்த விதி நடைமுறைக்கு வந்தபின், இம்மருந்து பெற்றவர்களிடையே காசநோய் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தது. அவர்களில் பெரும்பாலானோர் மூட்டுவாத நோயாளர்கள். பரிசோதனையையும் தடுப்புக் குளிசையையும் சரிவரக் கடைப்பிடிக்காதவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏழு மடங்கு அதிகம் என்றும் அங்கே பின்னர் தெரியவந்தது.

தங்கையே, எடுக்காமல் எடுத்தேன் என்று சொன்னால் என்ன என்று கேட்டீர்கள். அந்த ஏழு மடங்குக்குள் நீங்களாகவே போய் நிற்பீர்கள்.

நான் கேட்ட கேள்வி

இனி நான் சொல்லப்போவது என்னுடைய குற்றம். இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை.

2014 ஆம் ஆண்டளவில் நான் பெரிய வைத்தியசாலை ஒன்றில் பொறுப்புத் தாதியாக இருந்தேன். வன்னியிலிருந்து ஒரு பெண் சொரியாசிசுக்காக வந்தார். முப்பது வயதும் இராது. முகத்திலும் கைகளிலும் நோய். உயிரியல் மருந்து ஏற்றுவதாக முடிவாகியது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு தாளில் இருந்தன. கிளினிக் நாள். வாங்கு முழுக்கச் சனம். நான் மேசையில் இருந்தபடியே உரத்துக் கேட்டேன்:

"வீட்டில ஆருக்கும் கசம் இருந்ததா?"

அவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு, "இல்லை மிஸி" என்றார். நான் "இல்லை" என்று எழுதினேன்.

கையில் மொன்ரூ ஊசி போட்டோம். அதை இரண்டு மூன்று நாட்களுக்குள் பார்க்க வேண்டும். அவர் வரவில்லை. இரண்டு கிழமை கழித்து அடுத்த கிளினிக்குக்குத்தான் வந்தார். பஸ்ஸுக்குக் காசு இல்லை என்றார். கையைப் பார்த்தேன். சிறிய கறுப்பு அடையாளம் மட்டும் இருந்தது. பார்க்க வேண்டிய நாள் கடந்துவிட்டது, திரும்பப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். திரும்பப் போட்டால் இவர் மீண்டும் இரண்டு தடவை வரவேண்டும், வராமலே விட்டுவிடுவார் என்று இரக்கப்பட்டேன். "இல்லை" என்றே எழுதினேன். எக்ஸ்றேயும் சுத்தமாக இருந்தது. நான் எழுதியதை நம்பி வைத்தியர் மருந்தைத் தொடங்கினார்.

தோல் நன்றாக ஆறியது. மூன்றாவது தடவை ஏற்றியபின் அவர் மெலியத் தொடங்கினார். பின்னேரங்களில் காய்ச்சல், இரவில் வியர்வை, கழுத்தில் நெறி. பிறகு வயிறும் ஊதியது. இருமல் இல்லை. ஊரில் இரண்டு இடத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்திருந்தார்கள். எங்களிடம் வந்தபோது தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். நெறியில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தபோது காசநோய் என்று தெரிந்தது.

ஊசியை நிறுத்திக் காசநோய் மருந்து தொடங்கினார்கள். பல நாள் அவருடைய கட்டிலைத் தாண்டிப் போகவே எனக்குக் கால் கூசியது. ஒருநாள் பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேட்டேன். அவர் சொன்னார்:

"அப்பா முகாமில இருக்கேக்க ரி.பி. மருந்து எடுத்தவர் மிஸி. ஒரே தறப்பாளுக்குள்ளதான் எல்லாரும் படுத்தனாங்கள். அண்டைக்கு எனக்குப் பக்கத்தில எங்கட ஊர் ஆக்கள் இருந்தவை. தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். அத்தனை பேருக்கு முன்னால கேட்டா என்னெண்டு சொல்லுறது?"

அவர் பிழைத்தார். மருந்து முழுவதையும் எடுத்து முடித்தார். சொரியாசிஸ் திரும்பி வந்தது, வேறு மருந்தால் கட்டுப்படுத்தினார்கள். அவருடைய தங்கைக்குக் கல்யாணமும் நடந்தது. ஆனால் அந்தக் கட்டிலில் கிடந்த மாதங்களை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அதன்பின் ஓய்வு பெறும்வரை அந்தக் கேள்வியைத் திரைக்குப் பின்னால், தனியே வைத்துத்தான் கேட்டேன். கேள்வியையும் மாற்றினேன். "கசமா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். "வீட்டில ஆரும் ஆறு மாதம் தொடர்ந்து குளிசை எடுத்தவையா? சிவப்பா மூத்திரம் போற குளிசை?" என்று கேட்டால் ஞாபகம் வரும். றிபம்பிசின் என்ற காசநோய் மருந்து சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். அதை ஒருவரும் மறப்பதில்லை.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் தாதிச் சகோதரிகளும் குடும்பநல மாதர்களும் இருந்தால் அவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு வந்த "இல்லை"யை நம்பி எழுதாதீர்கள்.

என்னென்ன பரிசோதனை?

முதலில் கேள்விகள். முகாமில் இருந்தீர்களா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, நீங்கள் முன்பு மருந்து எடுத்தீர்களா, இப்போது இருமல், காய்ச்சல், மெலிவு உண்டா? அடுத்தது நெஞ்சு எக்ஸ்றே.

மூன்றாவது மொன்ரூ பரிசோதனை. முன்னங்கையின் தோலுக்குள் சிறு ஊசி போட்டு, 48 தொடக்கம் 72 மணித்தியாலத்துக்குள் தடிப்பை அளப்பார்கள். சிவப்பை அளப்பதில்லை, கையால் தடவினால் தெரியும் தடிப்பைத்தான். உயிரியல் மருந்து எடுக்கப்போகின்றவருக்கு 5 மில்லிமீற்றர் தடிப்பே கவனிக்கப்படும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியாலும் சிலருக்குத் தடிக்கலாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குத் தொற்று இருந்தும் தடிக்காமல் விடலாம். எனவே கையை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. இதற்குப் பதிலாக ஒரு இரத்தப் பரிசோதனையும் உண்டு. அது பி.சி.ஜி.யால் குழம்பாது, கையைக் காட்டத் திரும்பி வரவும் தேவையில்லை. எங்கே செய்யலாம் என்று உங்கள் கிளினிக்கில் கேளுங்கள்.

மொன்ரூ போட்டால் மூன்றாம் நாள் போகும் பஸ் காசை முதலே ஒதுக்கி வையுங்கள். முடியாவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். உங்கள் ஊருக்குக் கிட்டவுள்ள வைத்தியசாலையில் அளந்து எழுதித் தர ஒழுங்கு செய்யலாமா என்று கேளுங்கள்.

தடுப்புக் குளிசை

உறங்கும் கிருமி இருக்கின்றது என்று கண்டால் நோய் வருமுன் அதை அழிக்கக் குளிசை தருவார்கள். ஐசோனியாசிட் என்ற குளிசையை நாளாந்தம் 6 அல்லது 9 மாதம் எடுப்பது நீண்டகால முறை. ஐசோனியாசிட்டும் றிபபென்ரினும் சேர்த்துக் கிழமைக்கு ஒருமுறை, 3 மாதத்தில் 12 தடவை எடுக்கும் குறுகிய முறையும் இப்போது உண்டு. எது உங்களுக்கு ஏற்றது என்பதை மார்பு நோய் வைத்தியர் தீர்மானிப்பார். பொதுவாகக் குளிசை தொடங்கி ஒரு மாதமாவது சென்றபின்பே உயிரியல் ஊசியைத் தொடங்குவார்கள். அதாவது முழுக் காலமும் காத்திருக்க வேண்டியதில்லை. ஊசி தொடங்கிய பின்னும் மிகுதிக் குளிசையை முடிக்க வேண்டும்.

இந்தக் குளிசை சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். தங்கையே, உங்கள் ஈரல் பரிசோதனை முன்பு சரியில்லாமல் இருந்ததை மார்பு நோய் கிளினிக்கிலும் கட்டாயம் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். இடையிடையே இரத்தம் பார்த்து மருந்து தருவார்கள். கண் மஞ்சளானால், சத்தி வந்தால், சாப்பாட்டில் மனம் இல்லாமல் போனால், சிறுநீர் கடும் தேநீர் நிறமானால் குளிசையை நிறுத்தி உடனே போக வேண்டும். கை கால் விறைப்பு வராமல் இருக்க விற்றமின் பி6 சேர்த்துத் தருவார்கள்.

இன்னொன்று பெண்களுக்கு. றிபம்பிசின், றிபபென்ரின் வகை மருந்துகள் கர்ப்பத்தடைக் குளிசையினதும் கைத்தோலுக்கு உள்ளே வைக்கும் குச்சியினதும் பலனைக் குறைக்கும். அவற்றை நம்பி இருப்பவர்கள் வேறு முறை பற்றி மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

தாயாகப் போகின்றவர்களுக்கு

எமது நாட்டில் குழந்தை பிறந்து வீட்டுக்குப் போகுமுன் பி.சி.ஜி. போடுவார்கள். நல்ல வழக்கம். ஆனால் அது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் ஆன தடுப்பூசி. கர்ப்ப காலத்தில் தாய் இந்த உயிரியல் மருந்தை எடுத்திருந்தால் அது குழந்தையின் இரத்தத்திலும் சில மாதங்கள் இருக்கும். 2010 இல் வெளிவந்த வைத்திய அறிக்கை ஒன்றில், பிரித்தானியாவில் குடல் நோய்க்காகக் கர்ப்பம் முழுவதும் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த ஒரு தாயின் குழந்தைக்கு மூன்று மாதத்தில் பி.சி.ஜி. போடப்பட்டு, அந்தத் தடுப்பூசிக் கிருமியே உடல் முழுவதும் பரவி, நான்கரை மாதத்தில் குழந்தை இறந்தது பதிவாகியுள்ளது.

இதை வாசித்துக் கலங்க வேண்டாம். இப்போது இதற்கு வழி தெரியும். குறைந்தது 6 மாதமாவது பி.சி.ஜி.யைப் பிற்போடுவார்கள், சில மருந்துகளுக்கு அதைவிடக் கூடுதலாகவும். ஆனால் பிரசவ விடுதியில் உள்ளவர்களுக்கு அது தெரிய வேண்டும். ஆகவே கர்ப்பிணிப் பதிவேட்டில் ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட திகதியையும் எழுதுவித்து வையுங்கள். பிள்ளைக்கு ஊசி போட வரும்போது நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள்.

ஊசி தொடங்கிய பின்

ஊசி போடுபவர்கள் பின்வருவனவற்றை மறக்கக் கூடாது.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமின்றி மெலிதல், கழுத்திலோ கமக்கட்டிலோ நெறி, தீராத முதுகு நோ, வயிறு ஊதுதல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள். பரிசோதனை சுத்தம் என்று முன்பு வந்திருந்தாலும் சொல்லுங்கள். எந்த வைத்தியரிடம் காய்ச்சலுக்குப் போனாலும் நீங்கள் இந்த ஊசி போடுவதை முதலில் சொல்லுங்கள்.

வீட்டில் ஒருவருக்குப் புதிதாகக் காசநோய் கண்டால் அதையும் சொல்லுங்கள்.

ரி.என்.எப். ஐத் தடுக்காத வேறு வகை ஊசிகளும் பின்னர் வந்துள்ளன. உஸ்ரெக்கினுமாப், செக்குக்கினுமாப், குசெல்குமாப் என்பன சில. இவற்றில் காசநோய் எழும்பும் ஆபத்து மிகக் குறைவு. உறங்கும் கிருமி உள்ளவருக்கு இவற்றில் ஒன்றைத் தரமுடியுமா என்று வைத்தியரிடம் கேட்பதில் தவறில்லை. விலை, கிடைக்கும் தன்மை என்பவற்றைப் பொறுத்தது அது. இவற்றுக்கும் முன்பரிசோதனை செய்வார்கள்.

உயிரியல் ஊசி எமக்கு எட்டாது, இது எமக்கான விடயமல்ல என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. பிரெட்னிசொலோன் போன்ற ஸ்ரெரொயிட் குளிசையை நாளுக்கு 15 மில்லிகிராம் அல்லது கூடுதலாக ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தாலும் உறங்கும் காசநோய் எழும்பலாம். பழைய துண்டைக் காட்டிப் பாமசியில் தொடர்ந்து வாங்கி விழுங்காதீர்கள். சொரியாசிசுக்கு அதைத் தொடங்கித் திடீரென நிறுத்தினால் தோல் முன்னரைவிட மோசமாக வெடிக்கவும் கூடும்.

மாமிக்கு ஒரு வார்த்தை

தங்கையே, இந்தப் பக்கத்தை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் கெட்டவர் அல்ல. கசம் என்றால் தட்டையும் கோப்பையையும் ஒதுக்கி வைத்த காலத்தைக் கண்டவர். பேரப்பிள்ளைகளை நினைத்துப் பயப்படுகின்றார். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்:

"மாமி, எனக்குக் கசம் இல்லை. வராமல் இருக்கத்தான் இந்தக் குளிசை. இப்ப என்னட்டையிருந்து ஒருத்தருக்கும் தொத்தாது. எடுக்காமல் ஊசி போட்டு நோய் வந்தால்தான் பிள்ளையளுக்குத் தொத்தும்."

அவர் பயப்படும் அதே பிள்ளைகளின் பெயரால்தான் அந்தக் குளிசையை எடுக்கச் சொல்கின்றேன்.

மாவட்டந்தோறும் அரசாங்கத்தின் மார்பு நோய் சிகிச்சை நிலையம் இருக்கின்றது. அங்கே காசநோய் மருந்துக்குப் பணம் இல்லை. அங்கே போவதை யாராவது கண்டால் "எக்ஸ்றே காட்ட வந்தனான்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல. ஊருக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வைத்தியருக்கு மட்டும் ஒன்றையும் ஒளிக்காதீர்கள். கூட்டத்தில் கேட்டால், "தனிய ஒரு விசயம் சொல்ல வேணும் மிஸி" என்று சொல்லி எழும்புங்கள். அப்படிச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

குளிசை தொடங்கியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள் தங்கையே. எதிர்பார்த்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா